பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களில் கிடைத்த கொள்ளுப்பாட்டி

எங்கள் குடும்ப வரலாற்றை மாமா ஒருவர் முன்பே எழுதி வைத்திருந்தார். ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்த எந்தக் கங்காணியோடு வந்தார்கள், யார் தண்டலாக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருந்தார், யார் எப்போது ரப்பர் தோட்டத்தை விட்டு பட்டர்வொர்த்துக்கு வந்தார் என்று எல்லாம் அதில் உண்டு. ஆண்களுக்கு மட்டும். என் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு அம்மா, அந்தக் கொள்ளுப்பாட்டிக்கு 'மனைவி' என்ற ஒரு சொல்தான். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது என்று கிளம்பினேன்.

திருமணப் பத்திரத்தைத் தேடிப் பயனில்லை. நம் மலேசியாவில் இந்துத் திருமணங்களைப் பதிவது கட்டாயமானதே 1982 மார்ச் 1 முதல்தான். அதற்கு முன் லயத்து (தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசை) வாசலில் தாலி கட்டிக்கொண்ட எத்தனையோ பேருக்குக் காகிதமே கிடையாது. கத்தோலிக்கக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயரும் ஞானத்தாயின் பெயரும் இருக்கும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனால் அவரை மனைவியாகத் தேடாமல் தாயாகத் தேடினேன். பாட்டியின் கூடப்பிறந்தவர்களில் இன்று இருப்பவர் கடைசித் தங்கை மட்டுமே. எங்களுக்குச் சின்னப்பாட்டி. "எந்த வருஷம்?" என்று கேட்டால் அவரிடம் பதில் வராது. "ஜப்பான்காரன் வந்தப்போ வீட்டில கைக்குழந்தை யாரு?" என்று கேட்டேன். "நான்தான்டி! பினாங்குல குண்டு போட்டப்போ என்னைத் தூக்கிக்கிட்டுத்தான் அம்மா பால்மரக் காட்டுக்குள்ள ஓடுச்சாம்" என்றார். ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பரில். அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பிள்ளையாக எண்ணினோம்.

உறவுமுறையைக் காட்டும் பத்திரங்களோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போய், பாட்டிக்கும் அவர் கூடப்பிறந்தவர்களுக்கும் உரிய பிறப்புப் பதிவு நகல்களுக்கு விண்ணப்பித்தேன். வந்த நகல்களில் தாயின் பெயர் ஒன்றில் இருப்பதுபோல் இன்னொன்றில் இல்லை. தோட்டத்துக் கிராணியோ (எழுத்தர்) டிரெசரோ (மருத்துவ உதவியாளர்) காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். ஒரே எழுத்துக்கூட்டலை நம்பித் தேடுகிறவர்களுக்குப் பாதிப் பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்தே பாருங்கள்.

நகல்களை வருட வரிசைப்படி மேசையில் பரப்பினேன். 1929, 1935, 1938, 1941. அதற்குப் பிறகு இல்லை. பிறந்த வருடங்களைவிட நடுவில் விட்டுப்போன வருடங்கள்தான் எனக்கு அதிகம் சொல்லின. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது தோட்டத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சின்னப்பாட்டியிடம் இதைச் சொன்னதும், "ஆமா, எனக்கு அண்ணன் ஒருத்தன் ஊர்ல பொறந்து அங்கேயே தவறிட்டான்னு அம்மா சொல்லும்" என்றார். மாமாவின் குறிப்பில் அந்தப் பிள்ளையே இல்லை! பெற்றுப் பறிகொடுத்து, மறுபடியும் கப்பலேறி வந்திருக்கிறார். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்யுமுன் வந்து சேர்ந்தது அவர் அதிர்ஷ்டம்.

1941க்குப் பிந்திய வெறுமைக்கு விளக்கம் எல்லோருக்கும் தெரியும். 1943இல் கொள்ளுத்தாத்தாவை ஜப்பானியர்கள் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை.

அப்புறம் கொள்ளுப்பாட்டி வேலை செய்த காலம். இங்கேதான் அவர் பெயரிலேயே காகிதங்கள் வருகின்றன. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி அறிவித்த அவசர காலத்தில், 1948 முதல், பன்னிரண்டு வயது தாண்டிய எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். ஊழியர் சேமநிதி 1951இல் வந்தது. சின்னப்பாட்டி ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, மடிப்பில் கிழிந்திருந்த சேமநிதிக் கணக்குத் தாளை எடுத்துக் கொடுத்தார். மேலே கொள்ளுப்பாட்டியின் பெயர், எண், தோட்டத்தின் பெயர். கணவர் பெயர் எங்கும் இல்லை. இருட்டிலேயே பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய், ரப்பர் பால் வெட்டி, நான்கு பிள்ளைகளை வளர்த்தவரின் சம்பாத்தியம் அந்தத் தாளில் வெள்ளியும் (அன்றைய மலாயா டாலர்) காசுமாக இருந்தது. இப்படியொரு தாள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பெரியவர்கள் இறந்ததும் பழைய காகிதம் என்று தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

கொள்ளுப்பாட்டியின் ஊர் தமிழ்நாட்டில் முசிறிப் பக்கம் என்பது சின்னப்பாட்டியின் நினைவு. வருகிற டிசம்பரில் அம்மாவும் நானும் அங்கே போகிறோம். அந்தப் பையனின் பிறப்பு பதிவாகியிருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். பதிவாகியிருந்தால் கொள்ளுப்பாட்டியின் கிராமம் எதுவென்று தெரிந்துவிடும்.