நாலு வீட்டுக் காம்பவுண்டும் மாடி வீட்டு ஒத்தியும்

மதுரை வில்லாபுரம் பக்கம் நாலு வீட்டுக் காம்பவுண்டு ஒன்றைப் போன வருடம் 58 லட்சத்துக்கு வாங்கினேன். கீழே இரண்டு வீடு, மாடியில் இரண்டு. மாத வாடகை மொத்தம் 27,000 என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் மாதம் என் கைக்கு வந்தது 20,100.

பத்திர வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் வக்கீல் பார்த்துச் சுத்தம் என்றார். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 5,22,000 ரூபாய். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) 58,000 பிடித்து, விற்றவர் பெயரில் கட்டினேன். பதிவு ஒரே காலையில் முடிந்துவிட்டது.

கோளாறு தாளில் இல்லை, மாடியில் இருந்தது.

வீடு பார்க்கப் போன அன்றே புரோக்கர் சொல்லிவிட்டார்: "அண்ணே, குடியிருக்கிறவங்ககிட்ட பேச்சுக் குடுக்காதீங்க. விக்கிறது தெரிஞ்சா காலி பண்ண மாட்டேன்னு அடம்பிடிப்பாங்க." நானும் வெளிப்படிக்கட்டு வழியாக மொட்டைமாடி தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். யாரையும் காலி செய்யச் சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. வாடகைக்காகத்தானே வாங்குகிறேன்! அப்புறம் ஏன் பேசக் கூடாது என்று கேட்க அன்று தோன்றவில்லை.

விற்றவர் அழகான கையெழுத்தில் ஒரு பட்டியல் கொடுத்தார். கீழ் வீடுகள் 7,000, 7,000, மாடி 6,500, 6,500. அட்வான்ஸ் கீழே ஆளுக்கு 40,000, மேலே ஆளுக்கு 30,000. நாளைக்கு அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டியவன் நான் என்பதால், அந்த 1,40,000-ஐக் கிரயத் தொகையில் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக வீட்டில் பெருமை வேறு.

ஐந்தாம் தேதி வாடகை வாங்கப் போனேன். மாடியில் இரண்டாவது வீட்டு அக்கா உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, பீரோவைத் திறந்து ஒரு 100 ரூபாய் முத்திரைத்தாளை நீட்டினார். "நாங்க ஒத்திக்குல்ல தம்பி இருக்கோம். நாலு லட்சம். இன்னும் பத்தொன்பது மாசம் இருக்கு."

ஒத்தி தெரியாதவர்களுக்கு: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது, காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்பத் தரவேண்டும். சென்னையில் லீஸ் என்பார்கள், சில ஊர்களில் போக்கியம். பதிவான பத்திரம்தான் வில்லங்கச் சான்றில் ஏறும். இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பீரோவுக்குள் போன தாள் அதில் எங்கே வரப்போகிறது?

பதியாத ஒத்தி செல்லாது என்று வாதாடலாமே என்று வக்கீலிடம் ஓடினேன். அவர் சிரித்தார். ஒரு சொத்தில் யாராவது குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளுமாம். சொத்துரிமை மாற்றச் சட்டம், மூன்றாம் பிரிவு. கேட்காமல் விட்டது என் தப்பு. "கேஸ் போடலாம், உங்க பையன் காலேஜ் முடிக்கிறதுக்குள்ள தீர்ப்பு வரலாம்" என்றார். பையன் ஆறாவது படிக்கிறான்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் எனக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குள் போய் டேப் வைத்து அளந்துவிட்டு வந்தவர். பிளான் அப்ரூவல் மூன்று வீட்டுக்குத்தான் இருக்கிறது, நாலாவது பின்னால் கட்டியது என்று அந்த வீட்டை மதிப்பிலேயே சேர்க்கவில்லை. கடன் ஐந்து லட்சம் குறைந்தது. மனைவியின் நகை அடகுக்குப் போனது. அந்த நாலாவது வீடுதான் ஒத்தி வீடு. அப்போதாவது ஒருமுறை மேலே ஏறியிருக்கலாம்.

விற்றவர் மூன்று வாரம் போனை எடுக்கவில்லை. கடைசியில் அந்த அக்காதான் வழி திறந்தார். ஒத்திப் பணத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் விற்றவர்தானே! ஒத்திப் பத்திர நகலோடு அவர் வீட்டு வாசலில் போய் அக்கா உட்கார, மறுநாளே டீக்கடையில் பஞ்சாயத்து. ஒத்திப் பணத்தில் விற்றவர் தருவது இரண்டரை லட்சம், அதுவும் இரண்டு தவணையாக. மீதி ஒன்றரை என் தலையில். ஏற்கெனவே அந்த வீட்டுக்கென்று கழித்திருந்த 30,000 போக 1,20,000 நஷ்டம். கோர்ட்டுக்குப் போவதற்கு இது தேவலை என்று முடித்துக்கொண்டேன். அக்கா இப்போது மாதம் 6,000 வாடகைக்கு அங்கேயே இருக்கிறார். மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் அதுதான் உச்சவரம்பு. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிட்டோம்.

இந்த மாதிரி காம்பவுண்டு வாங்க நினைப்பவர்கள் விற்பவருக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு கதவையும் தட்டுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து இருக்கிறார்கள், கரண்ட் பில் எப்படிக் கட்டுகிறார்கள் என்று ஒரே தாளில் எழுதி, குடியிருப்பவரும் விற்பவரும் கையெழுத்துப் போடட்டும். புரோக்கர் தடுத்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். கிரயத் தொகையில் கொஞ்சத்தை, வரி, கரண்ட் பெயர் மாற்றங்கள் முடியும்வரை நிறுத்திவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. நான் அதையும் செய்யவில்லை.

கரண்ட் விஷயத்தைச் சும்மா சேர்க்கவில்லை. மாடி இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர், உள்ளே சப்மீட்டர். ஒரு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான் இலவசம் என்பதால் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து அந்த நூறுதான். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி பில் எகிறுகிறது. தனி மீட்டர் கேட்டுப் போனால் சொத்துவரி ரசீது என் பெயரில் வேண்டும் என்றார்கள். அதற்காக மாநகராட்சிக்குப் போனால், விற்றவர் இரண்டு அரையாண்டு வரி பாக்கி. அவர் காட்டிய ரசீதில் தேதியைப் பார்க்காதது யார்? நான்தான். இரண்டு நாள் லீவும், பாக்கி வரியும் என் கணக்கில்.

முதல் மாதம், ஒத்தி வீட்டு 6,500 போக வரவேண்டிய 20,500-இல் 400 ஏன் குறைந்தது என்றால், போர் மோட்டார் கீழ் வீட்டு அண்ணன் மீட்டரில் ஓடுகிறது. அவர் அதைக் கழித்துக்கொண்டுதான் வாடகை தருவார், பட்டியலில் அது இல்லை. பொதுமீட்டருக்கு எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் ஆள் வந்து பார்க்கவில்லை.