கேஸ்கேட்டும் பம்பளிமாஸும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டில் எங்கள் வீட்டு கராஜில் இதுவரை 11 தடவை பீர் காய்ச்சியிருக்கிறேன். அதில் நான்காவது தடவை மட்டும் வீட்டில் இன்னும் பேச்சில் அடிபடுகிறது. "நிலவேம்புக் கஷாயத்துல சோடா ஊத்தின மாதிரி இருக்குங்க" என்று சொல்லி, ஒரே வாயோடு கிளாஸை வைத்துவிட்டாள் மனைவி.

மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியம், நன்றாகத்தான் இருந்தது, ஈஸ்டும் ஒழுங்காக வேலை செய்தது. சொதப்பியது ஹாப்ஸில், அதாவது பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஒரு கொடியின் பூவில். கடையில் குளிர்பெட்டி முன்னால் நின்றுகொண்டு எதை விடுவது என்று தெரியாமல் சிம்கோ, சிட்ரா, சினூக், கேஸ்கேட், சோராச்சி ஏஸ் என்று ஐந்து ரகத்தையும் வாங்கிவந்து ஒரே பானையில் போட்டேன். சாம்பார் பொடியையும் ரசப்பொடியையும் கரம் மசாலாவையும் ஒரே குழம்பில் கொட்டியவன் கதைதான்.

பொட்டலத்தின் மேல் இருந்த வர்ணனைகளும் எனக்கு உதவவில்லை. பைன் பிசின், கிரேப்ஃப்ரூட், டில் என்று போட்டிருக்கும். மதுரைப் பக்கம் வளர்ந்த மூக்குக்கு டில்லை எங்கே தெரியும்? அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஹாப்ஸைப் பொடித்து அழுத்திய குளிகையை பெல்லட் என்பார்கள். இரண்டு பெல்லட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து மோந்து பார்ப்பேன். எந்த வாசனை நினைவுக்கு வருகிறதோ அதை ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பொட்டலத்தில் ஒட்டிவிடுவேன். கேஸ்கேட்டில் எழுதியது: பம்பளிமாஸ் தோல், ஆச்சி வீட்டுக் கொல்லை. சிட்ராவில்: கனிந்த மாம்பழம், கொஞ்சம் எலுமிச்சை. சோராச்சி ஏஸ் ஜப்பானில் பிறந்த ரகம். அதில் முதலில் எலுமிச்சைப் புல், பின்னாலேயே சதகுப்பை. டில் என்பது நம்ம சதகுப்பைதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சிம்கோவில் பூனை மூத்திரம் என்று எழுதினேன். கேலி இல்லை, அதை மோந்து பார்த்த வேறு பலரும் இதையேதான் சொல்கிறார்கள்.

கசப்பையும் வாசனையையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும் என்பதும் மெதுவாகத்தான் பிடிபட்டது. ஹாப்ஸில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் நன்றாகக் கொதித்து உருமாறினால்தான் பீரில் கசப்பு ஏறும். அதற்கு ஒரு மணி நேரக் கொதி வேண்டும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். ரசத்தை நுரை கட்டியதும் இறக்காமல் கொதிக்கவிட்டால் என்ன ஆகுமோ அதேதான். அதனால் கசப்புக்கு மேக்னம் என்கிற ரகம். 13 சதவீதம் அளவுக்கு ஆல்ஃபா அமிலம் இருப்பதால் கொஞ்சம் போட்டாலே போதும், தன் வாசனையைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவும் செய்யாது. சிட்ரா மாதிரி விலை கூடின சரக்கை ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவது காசைக் கரியாக்குவது.

வாசனைக்கு ஒரே ஒரு ரகம். அது கேஸ்கேட் என்று முடிவு செய்ததில் கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு. இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் கார்வாலிஸில்தான் அதை உருவாக்கினார்கள். 1972-இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் ஃபகிள் ரகம் அதன் முன்னோர்களில் ஒன்று. ஆனால் ஃபகிளின் மண்வாசனையைக் காணோம், பம்பளிமாஸ்தான் தூக்கலாக இருக்கிறது. சியரா நெவாடா பேல் ஏல் என்கிற அமெரிக்க பீரைக் குடித்தவர்களுக்கு இந்த வாசனை ஏற்கெனவே பழக்கம்.

போன மாதம் 19 லிட்டருக்குப் போட்ட கணக்கு இது. கொதி தொடங்கியதும் மேக்னம் 14 கிராம். இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு கேஸ்கேட் 28 கிராம், அடுப்பை அணைத்ததும் இன்னொரு 28. நொதித்து அடங்கிய பிறகு 40 கிராமை அப்படியே உள்ளே போட்டு மூன்று நாள் வைத்தேன். மிச்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில், துருவிய தேங்காய்ப் பைக்கு அடியில் தள்ளிவிட்டேன். வெளியே கிடந்தால் பழைய சீஸ் வாடை வந்துவிடும்.

இந்தத் தடவை மனைவி கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "தோலோட கடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்து மொசைக் என்கிற ரகத்தை வாங்கி வைத்திருக்கிறேன். அது சிம்கோவின் மகளாம். பூனை கூடவே வந்திருக்கிறதா என்று சனிக்கிழமை தேய்த்துப் பார்க்க வேண்டும்.