கயிற்றில் நடந்து வரும் எலி

யாங்கோன் ஆற்றில் படகைக் கரையில் கட்டி நிறுத்துகிறவர்களே, எலி பெரும்பாலும் கரைக்கயிற்றில் நடந்துதான் ஏறும், அதனால் பெரிய கப்பல்களில் பார்ப்போமே, அந்த வட்டத் தகரத்தை ஒவ்வொரு கயிற்றிலும் மாட்டுங்கள். வற்றத்தில் ஆற்றுநீர் இறங்கிப் படகும் தாழும்போது தகரம் வழுக்கிப் படகுப்பக்கம் போய்விடும். இரண்டு பக்கமும் சணலால் இறுக்கிக் கட்டினால்தான் நிற்கும். அப்புறம், ராத்திரி ஏறுபலகையை எடுத்துவிடுங்கள். அதைப் போட்டே வைத்துவிட்டுத் தகரம் மாட்டி என்ன பிரயோசனம்?

விஷம் வேண்டவே வேண்டாம். அடித்தட்டுக்குள் போய்ச் செத்தால் எடுக்க முடியாது, நாற்றம் குடலைப் புரட்டும். பொறியில் கருவாட்டுத் துண்டு போதும்.

அலட்சியமாக இருக்காதீர்கள். 1905இல் பிளேக் வந்த ஊர் இது. இன்றைக்கும் எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும், கடித்த பேட்டரி வயரால் தீப்பிடிக்கும். வயர் நுழையும் ஓட்டைகளை இன்றே கம்பி நாரால் அடையுங்கள்.