முகமும் தெரியட்டும், பதிலும் கேட்கட்டும்: டர்பனிலிருந்து வீடியோ இன்டர்வியூவுக்குத் தயாராவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு ஜோஹன்னஸ்பர்க்கிலோ கேப்டவுனிலோ வேலை தேடுபவர்களுக்கு முதல் சுற்று இன்டர்வியூ இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான். லண்டன், சென்னை என்று வெளிநாட்டு வேலையாக இருந்தால் கடைசிச் சுற்றுவரை அப்படியே போய்விடும். டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் படிப்பை முடித்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன கேள்வி வரும்?" என்பதுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் பதிலை ஒரு பக்கமும் வெளிச்சத்தை இன்னொரு பக்கமும் தயார் செய்யாதீர்கள் என்று நான் அவர்களிடம் சொல்வேன். எந்த நாற்காலியில், எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் உட்காரப்போகிறீர்களோ, அதே இடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் பதில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு போட்டுப் பாருங்கள். பதில் இழுக்கிறதா, முகம் இருட்டாக இருக்கிறதா என்று இரண்டும் அந்த ஒரே பதிவில் தெரிந்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, கோயிலில் கற்றது. எங்கள் கோயிலில் பெரியவர்களின் பழைய நினைவுகளை வீடியோவில் பேட்டி எடுத்தோம். கரும்புத் தோட்ட லயத்தில் வளர்ந்தவர்கள், 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் சொந்த வீட்டை விட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர்கள் எல்லாம் வந்து பேசினார்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசிய ஓர் ஆயா, பதிவைப் போட்டுக் காட்டியதும், "கண்ணு, எல்லாம் கேக்குது, என் முகம் எங்கே?" என்றார். அவரை ஜன்னல் பக்கம் திருப்பி, பின்னால் அரக்கு நிறத் திரை ஒன்றைத் தொங்கவிட்டோம். கண்ணும் சிரிப்பும் அப்படியே தெரிந்தன.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நம்மில் பலருக்கு இது நேரும். கேமரா காட்சி முழுவதையும் பார்த்து, சராசரியாக ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவர், உடம்பில் வெள்ளைச் சட்டை, நடுவில் கறுத்த முகம் என்றால், வெள்ளை அதிகம் என்று கணக்குப் போட்டு மொத்தத்தையும் மங்கவைத்துவிடும். முதலில் காணாமல் போவது கண்கள். இது உங்கள் நிறத்தின் குறையே அல்ல. பவுடரும் பூச வேண்டாம், முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரும் வேண்டாம். பின்னணியை மாற்றுங்கள். புத்தக அலமாரி, மர அலமாரி, சாம்பல் அல்லது நீல நிறத் துணி எதுவானாலும் சரி. சட்டையும் அடர் நீலமோ பச்சையோ இருக்கட்டும். முகம்தான் திரையில் அதிக வெளிச்சமான இடமாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஜன்னல். மேசையை ஜன்னலைப் பார்த்தபடி போடுங்கள், ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரக் கூடாது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். எந்த ஜன்னல் என்பதில்தான் இணையத்தில் கிடைக்கும் அறிவுரை நம்மை ஏமாற்றும். வடக்குப் பார்த்த ஜன்னலில் மென்மையான வெளிச்சம் கிடைக்கும் என்று சொல்பவர்கள் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறது. இங்கே நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்க வடக்கில்தான். ஜூன், ஜூலையில் அது தாழ்ந்து நின்று வடக்கு ஜன்னல் வழியாக அறைக்குள் நேராக விழும். பாதி முகம் வெயிலில், பாதி நிழலில் இருக்கும். நமக்கு வேண்டியது தெற்குப் பார்த்த ஜன்னல். நாளின் பெரும்பகுதி அதில் நேர் வெயில் விழாது, வெளிச்சம் சீராக இருக்கும். வீட்டில் அப்படி ஜன்னல் இல்லையா? வடக்கு ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், போதும். பெரிய பரப்பிலிருந்து வரும் வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும், சிறிய பல்பிலிருந்து வருவது கூர்மையான நிழல் தரும்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூனில் டர்பனில் மாலை ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். டிசம்பரில் ஏழு மணிவரை வெளிச்சம் இருக்கும். லண்டனோடு பேசுவதாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. ஜூனில் நாம் அவர்களைவிட ஒரு மணி நேரம் முன்னால், டிசம்பரில் இரண்டு மணி நேரம். சென்னை எப்போதும் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். ஜூனில் லண்டனில் மதியம் மூன்றரைக்கு இன்டர்வியூ என்றால் இங்கே நாலரை. பேச ஆரம்பிக்கும்போது ஜன்னல் வெளிச்சம் இருக்கும், முடிக்கும்போது இருக்காது. அப்படிப்பட்ட நாளில் ஜன்னலை நம்பாமல், ஜன்னல் திரைச்சீலையை மூடிவிட்டு முதலிலிருந்தே விளக்கு வெளிச்சத்தில் உட்காருவது நல்லது.

விளக்குக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. படிக்கிற மேசை விளக்கு ஒன்று போதும். லேப்டாப்புக்குப் பின்னால், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாகச் சாய்த்து வையுங்கள். நேராக முகத்தில் அடித்தால் கூசும், அதனால் எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் உட்காருங்கள். மறுபக்கம் நிழல் அதிகமாக இருந்தால் மேசைமேல் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைக்கலாம். விளக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு சாண் நகர்த்தினாலே பெரிய மாற்றம் தெரியும். கண்ணாடி போட்டவர்கள் விளக்கை இன்னும் உயர்த்தி இன்னும் பக்கவாட்டில் கொண்டுபோனால் கண்ணாடியில் தெரியும் வெள்ளை வட்டம் மறையும். ரிங் லைட் வாங்க நினைப்பவர்கள் இதற்காகவே யோசியுங்கள், அந்த வளையம் கண்ணாடியில் அப்படியே தெரியும்.

பல்புகளைக் கலக்காதீர்கள். 2700 கெல்வின் என்று போட்டிருந்தால் மஞ்சள், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. மேலே மஞ்சள், எதிரே வெள்ளை என்று இருந்தால் முகத்தின் இரண்டு பக்கமும் இரண்டு நிறமாகத் தெரியும். திரையில் பட்டை பட்டையாக ஓடினால், வெப்கேம் அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 50 என்று மாற்றிப் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

மின்சாரம் என்றதும் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது. 2023-இல் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு பெருமளவு குறைந்துவிட்டது, ஆனாலும் கேபிள் திருட்டு, பழுது என்று கரண்ட் போகத்தான் செய்கிறது. ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் ஃபைபர் இணைய இணைப்புப் பெட்டியையும் அதோடு இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் இருந்தால் பயனில்லை. சார்ஜ் ஆகும் பல்பு ஒன்றை மேசை விளக்கில் போட்டுவிடுங்கள். போனில் டேட்டாவும் இருக்கட்டும். இன்டர்வியூவுக்கு முதல் நாளே, "இணைப்பு அறுந்தால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்" என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுங்கள். கூரைமேல் குரங்கு, வெளியே கத்தும் ஹாடிடா பறவை, பக்கத்து வீட்டு நாய் எல்லாவற்றுக்கும் இயர்போன் மைக்தான் மருந்து.

சரி, பதிலுக்கு வருவோம். எதிர்பார்க்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி மனப்பாடம் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தவர்கள், கேள்வி கொஞ்சம் மாறி வந்தால் தடுமாறுகிறார்கள். அதற்குப் பதிலாக, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஏழெட்டு நிகழ்ச்சிகளை எடுத்து வையுங்கள். சிக்கலைத் தீர்த்தது, சண்டையைச் சமாதானம் செய்தது, நேரத்துக்குள் முடித்தது, தோற்று மீண்டது என்று வகைவகையாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன என்று நான்கும் வர வேண்டும். இரண்டு நிமிஷத்துக்குள் சொல்லி முடியுங்கள்.

"எனக்கு அனுபவமே இல்லையே" என்கிறவர்கள்தான் அதிகம். வார இறுதியில் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் அத்தையோடு நின்று காய்கறி விற்ற பெண்ணுக்குக் கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிக்கத் தெரியாதா? காவடிக்கு அன்னதானப் பொறுப்பை ஏற்றவருக்கு வரவு செலவும் ஆள் பிரிப்பும் தெரியாதா? அதைச் சொல்லுங்கள், எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள் என்ற எண்ணிக்கையோடு சொல்லுங்கள். இங்கே நம் வளர்ப்பு ஒரு தடையாக வரும். "நாங்கள் செய்தோம்" என்றே பேசிப் பழகிவிட்டோம், "நான் செய்தேன்" என்றால் பெருமை பேசுவதுபோல் தோன்றும். கேட்பவர்களுக்கோ உங்கள் பங்கு மட்டும்தான் வேண்டும். பதிவைப் போட்டுப் பார்க்கும்போது எத்தனை இடத்தில் "நாங்கள்" வருகிறது என்று கவனியுங்கள். வேகத்தையும் கவனியுங்கள். டர்பனில் நாம் பேசும் ஆங்கிலம் வேகமானது, வீடியோவில் அது இன்னும் வேகமாகக் கேட்கும்.

அரசு வேலை என்றால் ஒரு குழு உட்கார்ந்து, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும். சிவியில் (தன்விவரக் குறிப்பில்) இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், வாயால் சொன்னதற்குத்தான் மதிப்பெண். தனியார் நிறுவனங்கள் சிலவற்றில் எதிரே ஆளே இருக்காது. திரையில் கேள்வி வரும், கடிகாரம் ஓடும், நீங்கள் கேமராவிடம் பேச வேண்டும். இதில் தலையாட்ட ஒருவர் இல்லாததால் பலருக்குக் குரல் தளர்ந்துபோகிறது. கேமராவுக்கு மேலே வீட்டார் ஒருவரின் படத்தை ஒட்டிவைத்துப் பேசிப் பழகுங்கள்.

எப்போது சேர முடியும் என்று கேட்டால் சட்டம் தெரிந்து பதில் சொல்லுங்கள். இப்போதைய வேலையில் ஆறு மாதம்வரை என்றால் ஒரு வார நோட்டீஸ், ஒரு வருஷம்வரை இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். உங்கள் ஒப்பந்தத்தில் அதிகமாக இருக்கலாம், எடுத்துப் பாருங்கள். சம்பளம் சொல்லும்போது, மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு), பிராவிடண்ட் ஃபண்ட் எல்லாம் சேர்ந்த மொத்தமா, அடிப்படைச் சம்பளமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் கைக்கு வரும்போதுதான் உறைக்கும். கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்டால் பெண்கள் பயப்பட வேண்டாம். 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், விண்ணப்பம் போடுபவர்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. "வேலை நேரத்துக்கு என்னால் முழுமையாக வர முடியும்" என்று சொல்லி, பேச்சை வேலைக்கே திருப்புங்கள்.

முடிந்ததும் லேப்டாப்பை மூடுவதற்குள் அவர்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் எழுதிவையுங்கள், எந்தப் பதிலுக்கு மேற்கொண்டு கேட்டார்கள் என்பதையும் சேர்த்து. இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.