வாடகைக்கு எடுத்தவர் ஒருவர், குடியிருந்தவர் வேறொருவர்: வீட்டை மீட்ட அனுபவம்

அப்பா காலத்தில் முத்திரைத்தாளில் எழுதப்பட்ட 11 மாத ஒப்பந்தம் ஒன்றுதான் கீழ்த்தள வீட்டுக்கு எங்களிடம் இருந்த ஆவணம். அப்பா மறைந்த பிறகு வாடகை முதலில் தாமதமாகி, பிறகு அடியோடு நின்றது. விசாரித்தபோது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்பதும், தம் உறவினர் ஒருவரைக் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் குடிவைத்திருக்கிறார் என்பதும் தெரியவந்தன. உள்ளே இருந்தவரோ, "நான் அவரிடம் பணம் கொடுத்திருக்கிறேன், உங்களோடு எனக்குப் பேச்சே இல்லை" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தச் சொல் இன்றும் எனக்கு ஆறவில்லை.

காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பினார்கள். மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தினால் தானாகப் போய்விடுவார்கள் என்று தெருவில் யோசனை சொன்னவர்கள் பலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதைத் தெளிவாகத் தடை செய்கிறது. அப்படிச் செய்தால் குற்றம் நம் பக்கம் திரும்பி, வழக்கின் போக்கே மாறிவிடும்.

எங்கள் முதல் அலைச்சல் வாடகை அதிகாரியின் அலுவலகத்தில் தொடங்கியது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரே வாடகை அதிகாரி என்பதால், காலி செய்ய வைக்கும் அதிகாரமும் அவரிடமே இருக்கும் என்று எங்களிடம் சொன்னவர்கள் உறுதியாகவே சொன்னார்கள். அங்கிருந்த எழுத்தரோ ஒரு நாள் ஒப்பந்த நகல் வேண்டும் என்றார். மறுமுறை இரு தரப்பும் நேரில் வந்தால்தான் பதிவு செய்ய முடியும் என்றார். அதற்கடுத்த முறை அதிகாரி முகாமுக்குப் போயிருப்பதாகச் சொல்லி அனுப்பினார். முழங்கால் வலியோடு படியேறி வந்த அம்மாவை உட்காரச் சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தப் பதிவு, வாடகை நிர்ணயம், அத்தியாவசிய வசதிகள் பற்றிய புகார் ஆகியவைதான் வாடகை அதிகாரியின் வேலை என்பதையும், காலி செய்ய உத்தரவிடுவது வாடகை நீதிமன்றம் மட்டுமே என்பதையும் அவர் முதல் நாளே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

அடுத்து நாங்கள் பார்த்த வழக்கறிஞர், உள்ளே இருப்பவர் ஆக்கிரமிப்பாளர், ஆகவே சிவில் நீதிமன்றத்தில் சுவாதீனம், அதாவது வீட்டைத் திரும்ப ஒப்படைக்கும்படி, கேட்டு வழக்குப் போட வேண்டும் என்றார். அதற்கு நீதிமன்றக் கட்டணம் சொத்தின் சந்தை மதிப்பில் 3 விழுக்காடு. 40 லட்ச ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் முன்கூட்டியே கட்டியாக வேண்டும் என்று கேட்டதும் அம்மா வழக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எங்களுக்கு வழி திறந்தது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில்தான். இலவச சட்ட உதவி ஏழைகளுக்கும் குடியிருப்பவர்களுக்கும் மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது; வீட்டு உரிமையாளராக இருந்தாலும் அவர்களுக்கு அந்த உதவி உண்டு. ஊருக்கு வெளியே இருப்பவர்கள் 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். அங்கே நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் அம்மா எழுதிய மனுவைப் படித்துவிட்டு, இவர் வெளியிலிருந்து பூட்டை உடைத்து நுழைந்தவர் அல்லர், வாடகைதாரர் வழியாக வந்தவர், ஆகவே இது உள்வாடகை என்றார். எழுத்து மூலமான சம்மதமின்றி வீட்டை வேறொருவரிடம் ஒப்படைப்பதும், இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, அறிவிப்புக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள்ளும் செலுத்தாமல் இருப்பதும் வாடகைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் காலி செய்ய வைப்பதற்கான தனித்தனிக் காரணங்கள். இரண்டையும் சேர்த்தே மனுப் போட்டார்.

உள்வாடகையை எப்படி நிரூபிப்பது என்பதுதான் என் பெரிய கவலையாக இருந்தது. அதற்கு அவர் செய்த ஏற்பாட்டை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். வாடகைதாரருக்கு ஒன்று, உள்ளே இருப்பவருக்கு ஒன்று என இரண்டு அறிவிப்புகளை அதே கதவிலக்கத்துக்கு ஒப்புகை அட்டையோடு அப்போதிருந்த பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். முதல் உறை, பெறுநர் இம்முகவரியில் இல்லை என்று தபால்காரர் எழுதிய குறிப்போடு திரும்பி வந்தது. இரண்டாவது அறிவிப்பை அந்த மனிதர் தாமே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். பிரிக்கப்படாத அந்த உறையும் கையெழுத்திட்ட அந்த அட்டையும்தான் பின்னால் எங்கள் வழக்கைத் தூக்கி நிறுத்தின. திரும்பி வரும் உறையை ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

மனு எண்ணிடப்படுவதற்கு முன்பே மீண்டும் ஒரு தடை வந்தது. வீட்டு வரி ரசீது அப்பாவின் பெயரில் இருப்பதையும், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திடவில்லை என்பதையும் காட்டி நீதிமன்ற அலுவலகம் மனுவைத் திருப்பியது. தங்கையோ வெளிநாட்டில் இருக்கிறாள். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மட்டுமே வாடகைதாரரை வெளியேற்ற வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976இலேயே சொல்லியிருப்பதை வழக்கறிஞர் அதே தாளில் எழுதி, வாரிசுச் சான்றிதழை இணைத்து மறுபடி தாக்கல் செய்தார், ஏற்றுக்கொண்டார்கள். பெற்றோர் பெயரில் சொத்து இருந்தால் வாரிசுச் சான்றிதழையும் வரிப் பெயர் மாற்றத்தையும் வழக்கு வரும்வரை தள்ளிப்போடாமல் வாங்கி வைத்துவிடுங்கள்.

விசாரணையில் வாய்தா மேல் வாய்தா. அப்பாவிடம் ஒத்திப் பணம் கொடுத்திருப்பதாக எதிர்த்தரப்பு புதிதாக ஒரு கதையைக் கொண்டுவந்தது. ரசீது கேட்டபோது ஒரு துண்டுச் சீட்டுக்கூட வரவில்லை. உத்தரவு எங்களுக்குச் சாதகமாக அமைந்தது. உள்ளே இருந்தவரையும் பெயர் குறிப்பிட்டு எதிர்மனுதாரராகச் சேர்த்திருந்ததன் அருமை அப்போதுதான் புரிந்தது. வாடகைதாரரை மட்டும் சேர்த்து உத்தரவு வாங்கினால், "என் பெயர் இதில் இல்லை" என்று சொல்லி உள்ளே இருப்பவர் நிறைவேற்றத்தை எதிர்த்து மனுப் போட்டு இழுத்தடிக்க இடம் கிடைத்துவிடும்.

உத்தரவை நிறைவேற்றித் தரக் கேட்டு நிறைவேற்று மனுப் போட்டோம். அதன்படி நீதிமன்ற ஊழியரான அமீன் வந்த அன்று வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டைத் திறக்கத் தனி உத்தரவு வேண்டும் என்று அவர் திரும்பிவிட, அந்த உத்தரவுக்கும் காவல்துறைப் பாதுகாப்புக்கும் மறுபடி காத்திருக்க நேர்ந்தது. இந்த இரண்டையும் நிறைவேற்று மனுவோடு சேர்த்தே கேட்டுவிடுவது நல்லது. அடுத்த முறை இரண்டு காவலர்களின் முன்னிலையில் பூட்டு திறக்கப்பட்டது. மூடியில்லாத குக்கர், ஒரு தையல் இயந்திரம், கிழிந்த உறையிட்ட இரண்டு தலையணைகள் வரை அமீன் ஒவ்வொன்றாக எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினார். அந்தப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகை காணவில்லை, பணம் காணவில்லை என்று பின்னால் வரும் புகாருக்கு அதுவே பதில். அன்று மாலை அந்த வீட்டின் கதவை அம்மாவே புதிய பூட்டுப் போட்டுப் பூட்டினார்.

வாடகைக்காலம் முடிந்த பிறகும் காலி செய்யாதவரிடம் மாத வாடகையைப் போல இரு மடங்கு இழப்பீடு கேட்க வாடகைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதையும் பழைய பாக்கியையும் வசூலிக்க வாடகைதாரர் மீது போட்ட மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவருடைய இப்போதைய முகவரியையும் வேலை செய்யும் இடத்தையும் தேடிப் பிடிப்பதுதான் அதில் கடினமான பகுதி. ஆகவே, வாடகைக்கு விடும்போதே நிரந்தர முகவரிக்கும் பணியிடத்துக்கும் சான்று வாங்கி, ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். இப்போது கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களோடு நாங்கள் அதைச் செய்து முடித்துவிட்டோம்.