இன்னொரு முறை சொல்லப்பட்ட கதைகள்

2025 ஆகஸ்ட் 2, சனி

2023-ம் ஆண்டுப் படங்களுக்கான 71-வது தேசியத் திரைப்பட விருதுகளை நேற்று அறிவித்தார்கள். நேற்று மாலை நண்பர்களுக்குள் ஆரம்பித்த வாக்குவாதம் இன்று மதியம்வரை ஓயவில்லை.

'பார்க்கிங்' படத்துக்குக் கிடைத்ததில் எங்களுக்குள் மாற்றுக் கருத்தே இல்லை. சிறந்த தமிழ்ப் படம், ராம்குமார் பாலகிருஷ்ணனுக்குத் திரைக்கதை விருது, எம்.எஸ்.பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது. ஒரே வீட்டில் மேலும் கீழும் குடியிருக்கும் இருவர் கார் நிறுத்தும் இடத்துக்காக மோதிக்கொள்ளும் கதை. இவ்வளவு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த அடி எங்கே விழும் என்று கடைசிவரை பதறவைத்ததே திரைக்கதையின் பலம். பின்னணிக் குரலிலும் சின்னச் சின்ன வேடங்களிலும் காலமெல்லாம் உழைத்த பாஸ்கர் மேடையேறப் போகிறார் என்று நினைக்கவே நிறைவாக இருக்கிறது.

சண்டை வந்தது சிறந்த நடிகர் விருதில். '12த் ஃபெயில்' விக்ராந்த் மாஸியும் 'ஜவான்' ஷாருக் கானும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஷாருக்குக்கு இதுதான் முதல் தேசிய விருது. "ஸ்வதேஸுக்குக் கொடுத்திருக்கணும் அண்ணா, இப்ப ஜவானுக்குக் கொடுத்து என்ன பண்றது?" என்று தம்பி கொதித்தான். ஷாருக் நடித்த 'ஸ்வதேஸ்' வந்த 2004-க்கான அந்த விருது 'ஹம் தும்' படத்துக்காக சைஃப் அலி கானுக்குப் போனது. 'ஸ்வதேஸை' இயக்கிய அசுதோஷ் கோவாரிக்கர்தான் இந்த முறை கதைப் படங்களின் நடுவர் குழுத் தலைவர். பழைய கணக்கைத் தீர்ப்பதற்கு விருது இல்லை என்பதுதான் என் கட்சி. அந்தந்த ஆண்டு, அந்தந்தப் படம். அப்படிப் பார்த்தால் மாஸி மட்டுமே போதும்.

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

'உள்ளொழுக்கு' படத்துக்காக ஊர்வசிக்குத் துணை நடிகை விருது கொடுத்திருக்கிறார்கள். முதன்மை நடிப்பு எது, துணை நடிப்பு எது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று அவரே பொதுவில் கேட்டுவிட்டார். 2005-ல் 'அச்சுவின்டெ அம்மா'வுக்கும் அவருக்குத் துணை நடிகை விருதுதான். கேள்வி நியாயமானது. வெள்ளம் வடியாததால் மகனை அடக்கம் செய்ய முடியாமல் காத்திருக்கும் தாய் அவர். படத்தின் பாதிப் பாரம் மருமகளாக நடித்த பார்வதி மீது என்றால் மீதிப் பாதி ஊர்வசி மீது. "வயசான பொம்பளைன்னா துணைதான்னு முடிவு பண்ணிட்டாங்க போல" என்றார் அக்கா. யாரும் மறுத்துப் பேசவில்லை.

அதே விருதைப் பகிர்ந்துகொண்ட இன்னொருவர் ஜானகி போதிவாலா, குஜராத்திப் படமான 'வஷ்'ஷுக்காக. இந்தப் படம் 2024-ல் இந்தியில் 'ஷைத்தான்' ஆனது. அஜய் தேவ்கன், மாதவன், ஜோதிகா என்று மற்றவர்கள் மாறினாலும் வசியத்துக்கு ஆளாகும் மகளாக இந்தியிலும் ஜானகியே நடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். உழைப்பில் குறை வைக்கவில்லை, அதே நடிகை, அதே வேதனை. ஆனால் குஜராத்தியில் அந்தப் பெண்ணுக்குத் தப்பிக்க வழியே இல்லை என்ற பயம் நம்மைப் பிடித்து உலுக்குகிறது. இந்தியில் முடிவை மென்மையாக்கியதும் அந்தப் பயம் கரைந்துவிடுகிறது. நடிப்பு என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு கதை கொடுப்பது என்று இதைவிடத் தெளிவாகப் பார்க்க வாய்ப்பே கிடைக்காது.

2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று முழுக்க 'மணிச்சித்ரதாழ்', 'சந்திரமுகி'. ஃபாசில் இயக்கிய மூலம் 1993-ல் வந்தது, பி.வாசுவின் தமிழ்ப் படம் 2005-ல். நடுவில் 2004-ல் வாசுவே கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' எடுத்தார். 2007-ல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தார்.

எது சிறந்தது என்று கேட்டால் நான் யோசிக்காமல் மலையாளம் என்பேன். ஆனால் அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என்ன மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால்தான் படம் திறக்கிறது. உதாரணமாக, மூலத்தில் கங்காவை ஆட்டிவைக்கும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த நடனக்காரி, அவள் தமிழ் பேசுவாள். மலையாள வீட்டு மருமகள் கங்கா திடீரென்று தமிழில் சீறும்போது வரும் திகிலுக்குக் காரணம், அவள் வாயிலிருந்து வேற்று மொழி வருவது. அதே கதை தமிழுக்கு வந்தால்? தமிழ்ப் பெண் தமிழ் பேசினால் யார் பயப்படுவார்கள்? அதனால் இங்கே அவள் தெலுங்கு நடனக்காரி ஆனாள், 'ரா ரா' பாட்டு பிறந்தது. இந்தியில் அவளே வங்காளத்து மஞ்சுளிகா. ஒவ்வொரு ஊரும் தன் வீட்டுக்குள் வந்த அந்நியளாக யாரைக் கற்பனை செய்துகொள்கிறது என்பது இந்த வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. இதைப் புரிந்து மாற்றியவர்களுக்கு நான் மரியாதை கொடுப்பேன்.

அடுத்த மாற்றத்தில்தான் எனக்கு வருத்தம். மூலத்தில் மோகன்லாலின் டாக்டர் சன்னி, படம் நன்றாக நகர்ந்த பிறகுதான் உள்ளே வருகிறார். அதுவரை வீடும் கங்காவும்தான் படம். கங்காவாக நடித்த ஷோபனாவுக்குக் கிடைத்த தேசிய விருதுக்கு அந்த இடமும் ஒரு காரணம், அவர் வளர அவகாசம் இருந்தது. 'சந்திரமுகி'யில் ரஜினி முதலிலேயே வந்தாக வேண்டும், அறிமுகச் சண்டை இருந்தாக வேண்டும். அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "வேட்டையனை மறந்துட்டுப் பேசாதப்பா" என்றார். சரி, அது உண்மைதான். மூலத்தில் சித்திரமாகவும் பேச்சாகவும் மட்டுமே இருந்த அரசனைத் திரையில் நடக்கவிட்டு, அந்த 'லக லக லக'வை ரஜினி ஒரு தனி ஆட்டமாகவே ஆக்கினார். அந்தச் சில நிமிடங்கள் ரஜினிக்கே சொந்தம். ஆனாலும் ஜோதிகாவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கம் எனக்குப் போகவில்லை.

2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணன் இன்று அமிதாப் படங்களின் பட்டியலோடு வந்தார். 'டான்' இங்கே 'பில்லா' ஆனது, 'தீவார்' 'தீ' ஆனது, 'நமக் ஹலால்' 'வேலைக்காரன்', 'லாவாரிஸ்' 'பணக்காரன்', 'குத்தார்' 'படிக்காதவன்'. அன்று இந்தி மூலத்தைப் பார்க்காதவர்கள் ஏராளம், அதனால் ரீமேக்குக்குத் தனி வாழ்வு இருந்தது. இன்று மூலம் வசன வரிகளோடு கைப்பேசியிலேயே கிடைக்கிறது. இனி அப்படியே நகல் எடுப்பவர்களுக்கு வேலை இல்லை, யோசித்து எடுப்பவர்களுக்கு மட்டும் இடம் உண்டு. எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு

ஸ்பைக் லீயின் 'ஹையஸ்ட் டு லோயஸ்ட்' ஓடிடிக்கு வந்ததும் பார்த்துவிட்டேன். அகிரா குரோசவாவின் 1963-ம் ஆண்டுப் படமான 'ஹை அண்ட் லோ'வின் மறுஆக்கம். அதுவே எட் மெக்பெய்ன் எழுதிய ஓர் அமெரிக்க நாவலிலிருந்து வந்தது. ஆக, கதை அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குப் போய்ச் சுற்றிவந்திருக்கிறது.

பணக்காரரின் மகனைக் கடத்துவதாக நினைத்து அவருடைய கார் ஓட்டுநரின் மகனைக் கடத்திவிடுகிறார்கள். பிணைத்தொகையைக் கொடுத்தால் இவர் அழிவார், கொடுக்காவிட்டால் பிள்ளை போகும். குரோசவா படத்தின் முதல் பாதி கிட்டத்தட்ட ஒரே அறைக்குள் நடக்கிறது. ஓட்டுநர் ஓர் ஓரமாகத் தலைகுனிந்து நிற்பார், வாய் திறக்கவே அஞ்சுவார். அந்த நிற்பிலேயே மேல் கீழ் முழுவதும் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் புகைபோக்கியிலிருந்து இளஞ்சிவப்புப் புகை எழும் அந்த நொடிக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

ஸ்பைக் லீ செருப்புக் கம்பெனி முதலாளியை இசை நிறுவன முதலாளியாக மாற்றி டென்சல் வாஷிங்டனிடம் கொடுத்தார். ஓட்டுநரை அவருடைய பழைய நண்பராக ஆக்கினார். இதுதான் பெரிய மாற்றம். வேலைக்காரனின் பிள்ளைக்காக எல்லாவற்றையும் இழப்பதா என்ற கேள்வி, நண்பனின் பிள்ளைக்காகக் கூடவா தயங்குகிறாய் என்று திரும்புகிறது. கடத்துபவனும் வாய்ப்புக் கிடைக்காத ராப் பாடகன். அவனும் டென்சலும் நேருக்கு நேர் பேசும் காட்சி மூலத்தின் நிழலில் நிற்காமல் தனியாக எரிகிறது. முதல் பாதி தடுமாறுகிறது, பின்னணி இசை பல இடங்களில் வசனத்தை மூழ்கடிக்கிறது. ஆனாலும் இது ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்கு எழுதிய பதில். இதற்கு நேர் எதிர், 1998-ல் கஸ் வான் சான்ட் எடுத்த 'சைக்கோ'. ஹிட்ச்காக்கின் படத்தைக் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் திரும்ப எடுத்தார். அதில் பதில் என்று எதுவுமே இல்லை.

2025 செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டு செய்திகள். ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரப்பூர்வ தேர்வு நீரஜ் கேவானின் 'ஹோம்பவுண்ட்'. பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட படம். இன்னும் பார்க்கவில்லை, பார்க்காமல் பேச மாட்டேன். சென்ற ஆண்டு கானில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரீ வாங்கிய பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' படத்தை விட்டுவிட்டு 'லாபதா லேடீஸை' அனுப்பியபோது எங்களுக்குள் நடந்த சண்டையை நினைத்துக்கொண்டேன்.

ரீமேக் என்றாலே இளக்காரமாகப் பேசுபவர்களுக்கு ஒரு தகவல். 1995-ல் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியது 'குருதிப்புனல்'. பி.சி.ஸ்ரீராம் இயக்கிய அந்தப் படம் கோவிந்த் நிஹலானியின் 'த்ரோகால்' படத்தின் தமிழாக்கம்.

இன்னொரு செய்தி, மோகன்லாலுக்குத் தாதாசாகேப் பால்கே விருது. பிற மொழிகள் இவ்வளவு ஆசையாக எடுத்துக்கொண்ட படங்கள் அவருடையவை. 'தேன்மாவின் கொம்பத்து' 1994-ல் வந்து ஒளிப்பதிவுக்காக கே.வி.ஆனந்துக்கும் கலை வடிவமைப்புக்காக சாபு சிரிலுக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது. அடுத்த ஆண்டே அது தமிழில் 'முத்து' ஆனது. 1998-ல் 'முத்து' ஜப்பானுக்குப் போய், அங்கே ரஜினிக்கு ஒரு ரசிகர் கூட்டத்தையே உருவாக்கியது. மூலம் விருது வாங்கியது, ரீமேக் கடல் தாண்டியது. இரண்டுமே சினிமாவுக்கு வேண்டும்.

2025 அக்டோபர் 12, ஞாயிறு

'த்ரிஷ்யம்' மூன்றாம் பாகத்தின் படப்பிடிப்பு தொடங்கிவிட்டதால் பேச்சு தானாக அங்கே போனது. 2013-ல் வந்த மூலம் கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி என்று போய், 2019-ல் சீனத்திலும் எடுக்கப்பட்டது.

குடும்பத்துக்காக ஒரு கொலையை மறைக்கும் தகப்பனின் கதை. நான் பேச விரும்புவது அதன் தமிழ்ப் படமான 'பாபநாசம்' பற்றி. ஜீத்து ஜோசப்பே இயக்கினார், காவல்துறை அதிகாரியாக ஆஷா சரத்தே நடித்தார். காட்சிகளும் பெரும்பாலும் அதே வரிசைதான். ஆனாலும் படம் வேறு. மோகன்லாலின் ஜார்ஜ்குட்டி கடைசிவரை எதையும் முகத்தில் காட்டாத மனிதன். மகனை இழந்த பெற்றோர் முன் பேசும்போதும் ஒரு கதவைச் சாத்தியே வைத்திருப்பான். கமலின் சுயம்புலிங்கம் அதே இடத்தில் நெல்லைத் தமிழில் உடைந்து அழுகிறான். "அந்த அழுகை அதிகம், மறைக்கத் தெரிஞ்சவன் அப்படி அழ மாட்டான்" என்று தம்பி சொன்னான். என் வாசிப்பு வேறு. ஜார்ஜ்குட்டி குற்றத்தை மறைக்கிறான், சுயம்புலிங்கம் பாவத்தைச் சுமக்கிறான். ஒருவனுக்குச் சட்டத்தைப் பற்றிய பயம், மற்றவனுக்குச் சாமியைப் பற்றிய பயம். ஒரே வசன ஓட்டத்தில் இரண்டு வெவ்வேறு மனிதர்களை இரண்டு நடிகர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள் என்றால் அதை நகல் என்று எப்படிச் சொல்வது?

தம்பி மசியவில்லை. அக்கா என் பக்கம்.

2025 அக்டோபர் 26, ஞாயிறு

ரீமேக்குக்கு விருது கொடுக்கலாமா என்ற கேள்விக்கு ஆஸ்கரில் ஒரு வழி இருக்கிறது. சொந்தக் கதையின் திரைக்கதைக்கு ஒரு விருது, தழுவலுக்கு இன்னொன்று. ஹாங்காங் படமான 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' 2006-ல் 'தி டிபார்ட்டட்' ஆகி நான்கு ஆஸ்கர் வாங்கியது. மார்ட்டின் ஸ்கார்செஸிக்கு இயக்குநராக முதல் ஆஸ்கர் கிடைத்தது ஒரு ரீமேக்குக்குத்தான். ஆனால் அந்த மேடையிலேயே மூலத்தை ஜப்பானியப் படம் என்று அறிவித்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. கதையை எடுத்துக்கொண்டவர்களுக்கு அதன் ஊரையாவது சரியாகச் சொல்லும் கடமை உண்டு.

நான் முன்மாதிரியாகச் சொல்வது 'கோடா'. 2014-ல் வந்த பிரெஞ்சு மூலத்தில் காது கேளாத பெற்றோராக நடித்தவர்கள் காது கேட்கும் நடிகர்கள். ஷான் ஹேடர் 2021-ல் திரும்ப எடுத்தபோது அந்த வேடங்களைக் காது கேளாத கலைஞர்களுக்கே கொடுத்தார். மூன்று பரிந்துரை, மூன்றிலும் வெற்றி: சிறந்த படம், தழுவல் திரைக்கதை, துணை நடிகர் ட்ராய் கோட்சர். காது கேளாத ஆண் நடிகர் ஒருவர் ஆஸ்கர் வாங்கியது அதுதான் முதல் முறை. மூலம் விட்ட இடத்தை ரீமேக் சரிசெய்தது. இதைவிட நல்ல காரணம் ஒரு ரீமேக்குக்குத் தேவையா?

2025 நவம்பர் 9, ஞாயிறு

யோர்கோஸ் லாந்திமோஸின் 'புகோனியா'. முதலில் அதன் மூலமான 2003 கொரியப் படம் 'சேவ் தி க்ரீன் பிளானட்'டைப் பார்த்துவிட்டுத்தான் இதைப் பார்ப்பது என்று எல்லோரும் முடிவு செய்திருந்தோம். ஒரு நிறுவனத் தலைவரை வேற்றுக்கிரகவாசி என்று நம்பி ஓர் இளைஞன் கடத்துகிறான். கொரியாவில் அந்தத் தலைவர் ஆண், இங்கே எம்மா ஸ்டோன். கட்டிப்போடப்பட்டிருப்பவர் பெண் என்றானதும் ஒவ்வொரு காட்சியிலும் அச்சத்தின் எடை கூடிவிடுகிறது. இளைஞன்மீது இரக்கப்படத் தயங்குகிறோம். கொரியப் படத்திலோ அவன் பட்ட துன்பங்கள் நம்மை அவன் பக்கமே இழுத்துக்கொண்டு போயின. அங்கே சிரிப்பும் அழுகையும் அடிதடியும் கட்டுக்கடங்காமல் கலந்து வரும். இங்கே எல்லாம் அளந்து வைத்த மாதிரி இருக்கிறது, அந்த அளவே ஒரு குளிரைத் தருகிறது.

எம்மா ஸ்டோனுக்கு விருதுப் பரிந்துரை நிச்சயம் என்கிறார் அண்ணன். எனக்கு ஜெஸ்ஸி பிளெமன்ஸ். தன் நம்பிக்கை பொய்யாகிவிடுமோ என்று அவர் கண்கள் அலையும் அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சிக்காகவே கொடுக்கலாம். தம்பிக்கு இரண்டு பேருமே வேண்டாம், கொரிய மூலத்தை இயக்கிய ஜாங் ஜூன்-ஹ்வானின் பெயரை மேடையில் ஒருமுறை சரியாகச் சொன்னால் போதும் என்கிறான். இதில் மட்டும் நான் அவன் கட்சி.