முள்ளோடை தாண்டினால் டென்மார்க்

கடலூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு எல்லை என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் தாண்டுகிறோம். புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை வரைக்கும் பெட்ரோல் ஒரு விலை, இந்தப் பக்கம் வேறு விலை. திரும்பி வரும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் சில நாள் பஸ்ஸை ஓரங்கட்டுவார்கள், போலீஸ்காரர் ஒருவர் ஏறி சீட்டுக்கு அடியில் இருக்கும் பைகளாகப் பார்த்துத் தட்டுவார், 'டங்' என்று சத்தம் வருகிறதா என்று. ஒருநாள் என் பையைத் திறக்கச் சொன்னார். காலி டிபன் பாக்ஸ், பக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க். "இது என்ன?" "சீரியல் சார்." "என்ன சீரியல்?" "டென்மார்க் சீரியல் சார்." மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பக்கத்து சீட்டு ஆள் தவளக்குப்பத்தில் இருந்தே தூங்கிக்கொண்டு வந்தவர், அதற்கப்புறம் தூங்கவே இல்லை.

அந்த சீரியல் 'தி பிரிட்ஜ்'. 2011இல் வந்தது. ஸ்வீடனின் மால்மோவையும் டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் இணைக்கிற ஓரெசுண்ட் பாலம் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் நீளம், 2000இல் திறந்தார்கள். ஒரு ராத்திரி பாலத்தில் விளக்கெல்லாம் அணைகிறது. மறுபடி எரியும்போது சரியாக எல்லைக்கோட்டின்மேல் ஒரு பிணம், பாதி இந்த நாட்டில், பாதி அந்த நாட்டில். தூக்கப் போனால் அது ஒரு உடம்பே இல்லை. மேல்பாதி ஸ்வீடன் அரசியல்வாதி ஒருவருடையது, கீழ்பாதி டென்மார்க்கில் செத்துப்போன வேறொரு பெண்ணுடையது.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "எந்த ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போடுவாங்க?"

உண்மையாகவே முதல் எபிசோடின் பாதி அந்தக் கேள்விதான். எங்கள் பக்கத்தில் எல்லையோரம் ஒரு விபத்து நடந்தால் 'அது உங்க லிமிட்டு, எங்க லிமிட்டு இல்ல' என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கும் கதையை எல்லோரும் கேட்டிருப்போம், அதனால் அம்மாவுக்கு டென்மார்க் எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. இந்த ஒரு யோசனையை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். பிரிட்டன், பிரான்ஸ் சேர்ந்து கடலடிச் சுரங்கத்தில் பிணத்தைப் போட்டார்கள், அமெரிக்காக்காரர்கள் மெக்சிகோ எல்லையில் போட்டார்கள், சிங்கப்பூர்-மலேசியாவில்கூட ஒன்று வந்தது. பாகூர் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் பிணத்தைப் போட்டு ஆரம்பித்தால் எனக்கு இரண்டு சீசன் வசனம் இப்போதே தயார்.

சரி, அம்மா எப்படி இதற்குள் வந்தார் என்று சொல்ல வேண்டும். அம்மா 1957இல் பிறந்தவர், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். இங்கிலீஷ் படிக்கத் தெரியும், ஆனால் சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்குக் கண் ஓடாது. முதலில் நான் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் "என்ன சொல்றான்?" என்று கேட்க ஆரம்பித்தார். அப்புறம் நான் முழுக்கப் படித்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஆண் குரல், பெண் குரல், குழந்தைக் குரல் எல்லாவற்றுக்கும் என்னுடைய ஒரே கட்டைக் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரு கையில் காப்பி டம்ளருடன்.

இப்படிச் செய்கிறவன் நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போலந்தில் இதற்கென்றே ஆள் இருக்கிறார். லெக்டர் என்று பெயர். அங்கே டிவியில் வெளிநாட்டுப் படம் போட்டால் பெரும்பாலும் டப்பிங் கிடையாது, அசல் குரல்கள் மெலிதாகப் பின்னால் ஓட, ஒரே ஒரு ஆள் காதல் வசனம், கொலை மிரட்டல் எல்லாவற்றையும் செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்துக்கொண்டே போவார், அந்த ஊர்க்காரர்களுக்கு அது பழகி, பிடித்தும் போய்விட்டது. இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின் எல்லாம் நம்ம ஊர் மாதிரி டப்பிங் நாடுகள். வடக்கே டென்மார்க், ஸ்வீடன், கூடவே நெதர்லாந்து, சப்டைட்டில் நாடுகள். 'ஐரோப்பியப் படம்' என்று ஆபீசில் ஒரே வார்த்தையில் சொல்லி, யாரோ ஜன்னல் வழியாக மழையைப் பத்து நிமிஷம் பார்ப்பது என்று கேலி செய்வார்கள். படத்தை விடுங்கள், பக்கத்து நாட்டுப் படத்தை எப்படிக் காதில் வாங்கிக்கொள்வது என்பதிலேயே அவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது.

சப்டைட்டிலில் நாம் தொலைப்பதும் நிறைய. 'தி பிரிட்ஜ்' சீரியலில் ஸ்வீடன் போலீஸ் சாகா ஸ்வீடிஷில் பேசுவாள், டென்மார்க் போலீஸ் மார்ட்டின் டேனிஷில் பதில் சொல்வான், இரண்டு பேரும் அவரவர் மொழியை விடுவதில்லை. கீழே ஓடுவது ஒரே இங்கிலீஷ், அதனால் எனக்கு அது ரொம்ப நாள் தெரியவே இல்லை. ஒரு தமிழ்ப் போலீசும் ஒரு மலையாளப் போலீசும் மாகேயில் நின்று பேசிக்கொள்வதை யாரோ இந்தியில் சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் எப்படியோ, அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

டென்மார்க்கின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். கடலூர் மாவட்டம் 2011 கணக்கெடுப்பிலேயே 26 லட்சம். இரண்டேகால் கடலூர் மாவட்டம் சேர்ந்து, அதுவும் அரசு ஒலிபரப்பு நிறுவனத்தில், இந்த மாதிரி சீரியலாகத் தயாரித்துத் தள்ளுவதை நினைத்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். 'போர்கன்' என்று ஒன்று, ஒரு பெண் பிரதமராகிற கதை, 2010இல் ஒளிபரப்பானது. டென்மார்க்குக்கு நிஜமாகவே முதல் பெண் பிரதமர் வந்தது அதற்கு அடுத்த வருஷம். 179 உறுப்பினர்களில் யார் எந்தப் பக்கம் சாய்வார் என்று விரல் விட்டு எண்ணுகிற காட்சிகளைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை, 33 பேர் சபையிலேயே அதைப் பார்த்துச் சலித்தவர்கள். மாசச் சந்தா கட்டிய ஒரு ஓடிடியில் இதன் இரண்டாவது சீசன் பாதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விட்டது. அறிவிப்பு கிடையாது, ஒன்றும் கிடையாது.

ஐஸ்லாந்து இன்னும் மோசம், மொத்தமே 4 லட்சம் பேர் இல்லை. அவர்களுடைய 'டிராப்டு' சீரியலை நாங்கள் பார்த்தது ஃபெஞ்சல் புயல் சமயத்தில், 2024 நவம்பர் கடைசி. காற்று புதுச்சேரி பக்கம் கரையேறியது, மறுநாள் மழை விட்டபாடில்லை, சாத்தனூர் அணையைத் திறந்து பெண்ணையாற்றில் தண்ணீர் வருகிறது என்று ஆளாளுக்கு போன். கரண்ட் இல்லை. லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தது இது ஒன்றுதான், பேட்டரி இரண்டு எபிசோடுக்கு வந்தது. கதையில் பனிப்புயலில் ஒரு சின்ன ஊர் துண்டித்துப் போகிறது, வெளியூர் போலீஸ் வர முடியாது, கடலில் இருந்து தலை இல்லாத உடம்பு ஒன்று மேலே வருகிறது, ஊரில் இருக்கும் மூன்று போலீஸ்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அம்மா மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு, "அவங்களுக்காவது கரண்ட் இருக்கு பாரு" என்றார்.

எல்லாமே கொலைக் கதை என்று நினைக்க வேண்டாம். அம்மாவை உண்மையாகப் பிடித்து உட்கார வைத்தது டாக்குமெண்டரிதான். பிரிட்டனில் 1964இல் ஏழு வயசுப் பிள்ளைகள் 14 பேரை, பணக்கார வீடு, ஏழை வீடு, அனாதை இல்லம் என்று பல இடங்களிலிருந்து எடுத்து டிவியில் காட்டினார்கள். அதோடு விடவில்லை. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை அதே பிள்ளைகளிடம் திரும்பப் போனார்கள், 14 வயசு, 21, 28 என்று போய் 2019இல் 63 வயசு வரை. இரண்டாவதில் இருந்து கடைசி வரை இயக்கியவர் மைக்கேல் ஆப்டெட், 2021இல் இறந்துவிட்டார். முதல் பகுதியைப் போட்டு ஐந்து நிமிஷத்தில் அம்மா கணக்குப் போட்டுவிட்டார்: "இதெல்லாம் என் வயசுப் பிள்ளைங்கடா." அதற்கப்புறம் அது வெள்ளைக்காரப் படம் இல்லை, ஏதோ அவர் கிளாஸ் போட்டோ. "பதினாலு பேர்ல நாலே நாலு பொண்ணுங்களா?" என்று முதல் நாளே கண்டுபிடித்தார் (இயக்குநரே பிற்பாடு வருத்தப்பட்ட விஷயம் இது). குதிரை ரேஸ் ஜாக்கி ஆவேன் என்று குதித்த டோனி லண்டனில் டாக்சி ஓட்டுவதைப் பார்த்து, "ஓட்டுறான்ல, அது போதும்" என்றார். நீல் என்கிற பையன்தான் அவரைப் படுத்திவிட்டான். ஏழு வயசில் துள்ளிக்கொண்டிருந்தவன், 28இல் வீடு வாசல் இல்லாமல் ஸ்காட்லாந்தில் அலைகிறான். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை என்று சொன்னால் மிகை, சாப்பிட்டார், ஆனால் பேசவில்லை. பின்னால் ஒரு பகுதியில், அதே 14 பேரில் ஒருவரான புரூஸ் நீலுக்குத் தங்க இடம் கொடுத்ததும், நீல் உள்ளூர் கவுன்சிலர் ஆனதும் வந்தபோது பக்கத்து வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அதே அம்மாதான் பிரெஞ்சு டாக்குமெண்டரி 'எத்ர் எ அவுவார்' பார்த்து மூக்கைச் சுளித்தார். 2002இல் நிக்கோலா ஃபிலிபேர் எடுத்தது, மலைப்பகுதியில் ஒரே வகுப்பறை, ஒரே வாத்தியார், பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். வகுப்பறைத் தரையில் ஆமைகள் மெதுவாக நகர்ந்து போகும். அழகான படம், எனக்கு உயிர். அம்மா: "பத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு வாத்தியார், இதுக்குப் படமா? நான் அறுபது பிள்ளைங்களை வச்சிருந்தேன், ஒருத்தன் கேமராவோட வரலையே." படம் பெரிய வெற்றி. தனக்கும் பங்கு வேண்டும் என்று அந்த வாத்தியார் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார் என்று சொன்னதும், "அப்படிப் போடு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வாத்தியார் பக்கம்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. கார்த்தூசியன் துறவிகளைப் பற்றி, பேச்சே அநேகமாக இல்லாமல் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் ஒரு ஜெர்மன் படமும் போட்டேன். அனுமதி கேட்ட இயக்குநருக்கு மடத்தில் இருந்து பதில் வர 16 வருஷம் ஆனதாம். எனக்குப் படித்துச் சொல்ல வேலை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அது பிடித்தது. அம்மா இருபதாவது நிமிஷத்தில் குறட்டை.

படம் ஆரம்பித்ததும் ஆறு, ஏழு கம்பெனிப் பெயர் வரிசையாக ஓடும். "ஒரு படத்துக்கு எத்தனை முதலாளிடா?" என்பார். பல நாட்டுக் காசு சேர்ந்துதான் இந்தச் சின்ன நாட்டுப் படங்கள் பிறக்கின்றன, அதற்கென்றே யூரிமாஜ் என்று ஒரு நிதி 1980களின் கடைசியில் இருந்து இருக்கிறது. பிரான்சில் இன்னும் சாமர்த்தியம்: விற்கிற ஒவ்வொரு தியேட்டர் டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் எடுத்து சினிமா நிதியில் போட்டு, அதிலிருந்து படங்களுக்கு உதவுகிறார்கள். ஹாலிவுட் படத்துக்குக் கூட்டம் கூடினால் அந்தக் காசிலும் ஒரு பங்கு ஏதோ ஒரு மலைப் பள்ளிக்கூடப் படத்துக்குப் போகிறது.

நம்மையும் எடுத்திருக்கிறார்கள். லூயி மால் 1968இல் இந்தியா வந்து சுற்றி ஏழு பாகமாகச் செய்த தொடரில் மெட்ராசும் வரும், புதுச்சேரி ஆசிரமமும் வரும். தனக்கு இங்கே ஒன்றும் பிடிபடவில்லை என்று அவரே குரலில் ஒத்துக்கொண்டு போவது எனக்குப் பிடித்தது. பிபிசி அதை ஒளிபரப்பியபோது இந்திய அரசுக்குக் கோபம் வந்து டெல்லியில் பிபிசி அலுவலகமே கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது.

கடைசியாகப் பார்த்தது 'ஃபயர் அட் சீ', இதுவும் டாக்குமெண்டரிதான். இத்தாலிக்குச் சொந்தமான லாம்பெதூசா தீவு, ஆனால் ஆப்பிரிக்காதான் பக்கம். படகில் தப்பி வருகிறவர்களும் சாகிறவர்களும் ஒருபுறம், கவண் வைத்துக்கொண்டு சுற்றும் சாமுவேலே என்கிற மீனவர் வீட்டுப் பையன் மறுபுறம். படகில் ஏறினால் வாந்தி எடுப்பான், அம்மா அதற்கு நன்றாகச் சிரித்தார், தேவனாம்பட்டினத்தில் அப்படி ஒரு மாணவன் அவருக்கு இருந்தானாம். அப்புறம் தீவின் டாக்டர் பார்த்தோலோ வருவார். தான் பார்க்க வேண்டியிருந்த பிணங்களைப் பற்றி, அதில் குழந்தைகளைப் பற்றி அமைதியாகப் பேசுவார். நான் வழக்கம்போல வாசித்துக்கொண்டே வந்தேன். பாதியில் அம்மா, "படிக்காத, புரியுது" என்றார். சுனாமிக்கு அப்புறம் அம்மா பள்ளிக்கூடத்தில்தான் பத்து நாள் குடும்பங்கள் தங்கியிருந்தன, அரையாண்டு லீவு முடிந்து பெயர் கூப்பிட்டபோது யார் யார் வரவில்லை என்பதை அவர் இதுவரை வீட்டில் சொன்னது கிடையாது. மீதிப் படத்தை இரண்டு பேரும் இத்தாலியனிலேயே பார்த்தோம்.

மறுநாள் சாயங்காலம் கேட்டார், "அந்தப் பையனுக்கு ஒரு கண்ணு மந்தமா இருந்துச்சே, நல்ல கண்ணை மூடி விட்டாங்களே, அதைத் தினமும் ஒழுங்காப் போட்டுக்கிட்டானாமா?" டீச்சர் இல்லையா.

இந்த வாரம் பனி, புயல், பிணம் மூன்றும் இல்லாத படமாகக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். போர்ச்சுகல் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறேன்.